ஞாயிறு மூன்று மணிப் படகு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, முழு நினைவோடு, என் வலது கை ஆள்காட்டி விரலால் நானே கொன்றேன். காரணம் கேட்டால் ஒரு படகு என்றுதான் சொல்ல வேண்டும்.

படகு வேண்டும் என்று கேட்டவள் என் தோழி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது, கம்பெனி ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள். மத்தூர்க்காரி. என்னைவிட நாலு வயது சின்னவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். ஆனால் அதட்டுவது, பங்கு பிரிப்பது, ஜன்னல் பக்கத்துக் கொடியைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள்தான். நான் "ஏட்டி" என்று கூப்பிட்டதைக் கேட்டு முதல் நாள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் "சோறு கீதா?" என்று கேட்டதற்கு நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் அவள் என்னை ஏட்டி என்றாள், எனக்குச் சோறு கீது என்று வந்தது.

கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்குப் போனவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் ஐந்தாம் மாதத்தோடு நிற்காமல் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. மத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். எந்நேரமும் யாரையாவது ஓட்டிக்கொண்டு இருக்கும் ஆளைக் கட்டிலில் கட்டிப் போட்டால் எப்படி இருக்கும்! அவள் மகள் இப்போது தவழ்கிறாள், கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கிறாள். அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

அவள் போன் செய்தது ஒரு புதன்கிழமை.

"அக்கா, ஊரே போன் பண்ணுது. எடுத்த ஒடனே, எப்டி கீற, வலி கிலி இல்லியேன்னு கேக்குறாங்க. கேட்டுக் கேட்டே எனக்கு வலி வந்துரும் போல கீது."

"நான் கேக்கலியேட்டி."

"நீயும் கேக்காத. என்கூட வெளையாடு."

புருஷனின் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த கேம் செயலியில் ஒரு விளையாட்டைப் பிடித்திருக்கிறாள். கேம்களை வாங்கவும் சேர்த்துவைக்கவும் நண்பர்களோடு ஆடவும் என்றே இருக்கும் பெரிய கடை அது. அவள் பிடித்த விளையாட்டில் ஒரு படகு. இரண்டு பேர். ஒருத்தி இடது துடுப்பு, ஒருத்தி வலது துடுப்பு. இருவரும் சேர்ந்து போட்டால்தான் படகு நேராகப் போகும். அக்கரையில் இருக்கிற வீடுகளுக்குத் தபால் மூட்டை கொண்டுபோக வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹாஸ்டலில் இருந்தபோது எல்லாரும் ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறிய நிமிஷத்திலிருந்து இறங்கும்வரை என் கையை அவள் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது. இனிச் செத்தாலும் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று கரையில் நின்று சத்தியம் செய்தவள் இப்போது படகு ஓட்டக் கூப்பிடுகிறாள்.

"ஞாயித்துக்கெழம மூணு மணி. வர்றியா?"

"மூணு மணி சாப்பிட்டுட்டுத் தூங்குற நேரம்லா? அஞ்சு மணிக்கு வச்சுக்குவோமே."

"மூணுதான். வர்றியா இல்லியா?"

"வாரேன், வாரேன். கத்தாத."

கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருந்தது. ஏன் மூணு மணி என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது பாகலூர் ரோட்டுக் கடை ஒன்றில் பழையதாக வாங்கிய கம்ப்யூட்டர். "இதுக்கு இருக்கிற வயசுக்கு வேற எதுவும் தாங்காதுங்க, லினக்ஸ்னா ஜம்முன்னு ஓடும்" என்று கடைக்காரர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். உண்மையாகவே ஜம்மென்று ஓடியது. என் வீட்டுக்காரர் சூளகிரிப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறார். குடிலின் சூடு, ஈரம் எல்லாவற்றையும் அதில்தான் கட்டம் போட்டு எழுதுவார். நான் கரண்ட் பில் கட்டுவேன், சமையல் வீடியோ பார்ப்பேன். எங்கள் இருவருக்கும் அதனோடு எந்தச் சண்டையும் கிடையாது.

அந்த கேம் செயலி லினக்ஸுக்கும் உண்டு என்று தெரிந்ததும் எனக்கு ஏக சந்தோஷம். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் மென்பொருள் கடையில் நிறுவு என்பதை அமுக்கினேன். வட்டம் சுற்றியது, நின்றது, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே வட்டம்.

சரி என்று இணையத்தில் தேடினேன். ஒரு பக்கத்தில், கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து இந்த மூன்று வரியை அடியுங்கள் என்று போட்டிருந்தது. அடித்தேன். பாதி நடந்து நின்றது. இன்னொரு பக்கத்தில், அதெல்லாம் வேண்டாம், இந்த முகவரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து எல்லாம் இறங்கும் என்று போட்டிருந்தது. அதையும் சேர்த்தேன். இரண்டு டாக்டரின் மருந்தை ஒரே வேளையில் விழுங்கின மாதிரிதான். இரண்டாவது பக்கம் எழுதப்பட்டது என்னுடைய லினக்ஸுக்கு இல்லை, அதைவிட இரண்டு தலைமுறை புதியதற்கு என்று மேலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

கடைசிக் கட்டளையை அடித்ததும் திரையில் ஆங்கிலம் கொட்டியது. என்னென்னவோ பெயர்கள், பத்தி பத்தியாக. கடைசி வரியில் ஒரு கேள்வி: தொடரலாமா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.

இங்கே என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வாகன உதிரிபாகம் கடையும் கம்பெனியில் ஒரு லைனுக்கு லீடர். எங்கள் லைனில் இருக்கிற ஒரு மிஷின் ஒரு ஷிப்டில் முப்பது தடவையாவது அலாரம் அடிக்கும். கூலன்ட் குறைவு என்று கத்தும். போய்ப் பார்த்தால் அந்தக் குளிர்விக்கும் திரவம் தளும்பிக்கொண்டு நிற்கும். கதவு சரியாக மூடவில்லை என்று கத்தும். கதவு மூடித்தான் இருக்கும். புதிதாக வருகிற பெண்கள் முதல் வாரம் பயந்துபோய் ஓடிவந்து திரையைப் படிப்பார்கள். இரண்டாவது வாரம் படிக்க மாட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பேசிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டி ரீசெட். எங்கள் லைனில் அதிவேக ரீசெட் யாருடையது என்று போட்டி வைத்தால் கோப்பை எனக்குத்தான்.

அந்தக் கையோடுதான் ஒய்யை அமுக்கினேன். இடது கையில் காபி இருந்தது.

வரிகள் சரசரவென்று ஓடின. பார்க்கவே திருப்தியாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் நல்ல பிள்ளையாகக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது மறுபடி திறந்தபோது வால்பேப்பரில் ரோஜாக் குடிலுக்கு முன்னால் நிற்கும் என் வீட்டுக்காரர் இல்லை. படங்கள் இல்லை, பட்டன் இல்லை, மவுஸ் அம்பு இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் உன் பெயர் என்ன என்று ஒரு வரி மட்டும் கேட்டது. மொத்த முகப்பையும் கழற்றி வெளியே போட்டுவிட்டு எலும்புக்கூடு மட்டும் மிச்சம்.

நான் எல்லாரையும் திட்டினேன். முதலில் கம்ப்யூட்டரை, அப்புறம் அந்த இணையப் பக்கத்தை எழுதியவனை, அப்புறம் கடைக்காரரை. வீட்டுக்காரர் இன்னும் வந்து சேராததற்கு அவரையும். சானமாவு பக்கம் ரோட்டோரம் யானை நிற்கிறது என்று வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார்களாம். இருட்டுகிற நேரத்துக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல. ஒரே ஒரு தடவ ஒய் அமுக்குனேன்."

"கம்பெனில மிஷின் நின்னா ஆப்பரேட்டருங்க இதையேதான் சொல்றாங்கன்னு நீதானே திட்டுவ?"

நான் முறைத்தேன். அவர் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குக்காரர், மூன்று பாஷையில் கிண்டல் வரும். அன்றைக்கு மூன்றும் வந்தது. எங்கள் கம்பெனியில் பழுதான மிஷினுக்குச் சிவப்பு அட்டை தொங்கவிடுவது வழக்கம். அவர் சிவப்புக் காகிதம் ஒன்றைத் தேடிப் பிடித்து, மிஷின் பழுது, காரணம் ஆப்பரேட்டர் என்று எழுதி மானிட்டரில் ஒட்டினார். அப்போதுதான் நான் அழுதேன். அழுதுகொண்டே ஞாயிறு மூன்று மணியைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தி, அட்டையைப் பிய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேசாம போன்ல பேசிடேன்."

"பேசுறதுதாங்க வேண்டாம்னு சொல்லுதா. எல்லாரும் பேசிப் பேசித்தான் அவளுக்குப் பயம் கூடுது."

குடில் ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கேட்கலாம் என்றார். அதன் சாவி பெங்களூரில் இருக்கும் முதலாளியிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் இல்லை. நீயே மிஷினோடு வேலை பார்க்கிற ஆள்தானே, மிஷின் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். கிண்டலாக இல்லாமல்தான் கேட்டார்.

மிஷின் நின்றால் முதலில் ஷிப்ட் நோட்டைப் பார்ப்போம். கடைசியாக யார் என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். ஞாயிறு காலை இட்லிக்கு ஊற்றிவைத்துவிட்டுப் போனில் தேடினேன். லினக்ஸும் அப்படி ஒரு நோட்டு எழுதுகிறதாம். எதை எப்போது போட்டோம், எதை எப்போது எடுத்தோம் என்று ஒன்று விடாமல். எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, எலும்புக்கூட்டுத் திரையில் என் பெயரைச் சொல்லி உள்ளே போய் அதைத் திறந்தேன்.

சனிக்கிழமை தேதி போட்டு, நான் அடித்த கட்டளை எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதற்குக் கீழே, நீக்கப்பட்டவை. ஒரு பக்கத்துக்கு மேல் பெயர்கள். முகப்பு, பட்டன்கள், படம் காட்டுவது, எல்லாம். இதைத்தான் அது நேற்று என் முகத்துக்கு நேரே கொட்டிக் காட்டி, இத்தனையும் போய்விடும், சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறது. நான் காபி குடித்துக்கொண்டே சம்மதம் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இனி அதைத் திட்ட வழியில்லை.

தப்பான முகவரியை எடுத்துவிட்டேன். ரவுட்டரிலிருந்து ஒரு கம்பியை நேராக இழுத்துச் சொருகினேன். நீக்கப்பட்ட பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கச் சொன்னேன். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது. இட்லி வெந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, கம்பெனிப் பழக்கத்தில், ஒரு காகிதத்தில் ஏன் ஏன் என்று எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பழுதுக்கும் ஐந்து ஏன் கேட்டு எழுதினால்தான் எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். திரை ஏன் போனது? நீக்கியதால். ஏன் நீக்கியது? நான் ஆம் என்றதால். ஏன் ஆம் என்றேன்? படிக்காததால். ஏன் படிக்கவில்லை? அலாரம் என்றாலே படிக்காமல் ரீசெட் அமுக்கிப் பழகியதால். ஐந்தாவது ஏனுக்குப் பதில் வரவில்லை, விட்டுவிட்டேன்.

அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. இதே குறை வேறு எங்கெல்லாம் இருக்கலாம் என்று அதில் எழுத வேண்டும். நாங்கள் வழக்கமாக அதில் இல்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அன்றைக்குக் கையில் வேறு வேலை இல்லை. யோசித்தேன். யோசித்தபோது கண் போனுக்குப் போனது.

ஷிப்டில் போன் உள்ளே எடுத்துப் போக விட மாட்டார்கள். வெளியே வந்து லாக்கரைத் திறந்தால் நாற்பது ஐம்பது செய்தி நிற்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் போட்டுத் தள்ளிவிடுவேன். கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். தோழியின் பக்கத்தைத் திறந்தேன். அவள் எழுதுகிற ரகமில்லை, பேசிக் குரல்பதிவு போடுகிற ரகம். ஏழு பதிவுகளைக் கேட்கவே இல்லை. ஏழின் கீழும் என் கட்டைவிரல் இருந்தது.

உட்கார்ந்து வரிசையாகக் கேட்டேன். ஒன்றில் அம்மா செய்த ரசத்தைப் பற்றிக் குறை. ஒன்றில் பக்கத்து வீட்டு மாடு. ஐந்தாவது பதிவு பத்து நாளுக்கு முன்னால் போட்டது. குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தாள்.

"அக்கா, இந்த ஞாயிறு இல்லாம அடுத்த ஞாயித்துக்கெழம வந்தா இருவத்தோரு வாரம் ரெண்டு நாளு. போன தடவ அதே கணக்குலதான்க்கா போச்சு. மத்தியானம் மூணு மணிக்கு ஆரம்பிச்சுது, நாலு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சி. அந்த ஒரு மணி நேரம் நான் இன்னா பண்ணப்போறேன்னு தெரில. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. உன்கிட்டதான் சொல்லணும்னு கீது."

அதன் கீழே என் கட்டைவிரல்.

என்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஒய் அமுக்கியது ஒன்றுமே இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் முகப்பு போனால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டு முடித்து, எழுந்து போய், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அதன் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாக இறங்கச் சொல்லி அதை மிரட்டினார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு முகப்பு திரும்பி வந்தது. ரோஜாக் குடிலும் அவரும் திரையில் தெரிந்ததும் கை தட்டினார். இனி கேம் செயலி. ஒரே ஒரு பக்கத்தை, என் லினக்ஸுக்கு எழுதியதுதானா என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, அதில் சொன்னபடி அடித்தேன். மறுபடி ஆங்கிலம் கொட்டியது. மறுபடி அதே கேள்வி கேட்டது. இந்தத் தடவை விரலைத் திரையில் வைத்து முதல் வரியிலிருந்து படித்தேன். புரியாத பெயர்களையும் படித்தேன். நீக்கப்படுபவை எதுவும் இல்லை என்பதைப் பார்த்து, அவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

"ஒண்ணும் போகல. அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். செயலி வந்தது. வந்ததும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள அரை மணி எடுத்துக்கொண்டது. கடவுச்சொல் கேட்டது, மின்னஞ்சலுக்கு எண் அனுப்பியது. படகு விளையாட்டைத் தேடிப் பிடித்தால், இது லினக்ஸுக்கு எழுதியது இல்லை என்றது. எனக்கு உயிரே போயிற்று. பிறகு அமைப்புப் பக்கத்தில் போய்ப் படித்துப் பார்த்தால், வேறு கம்ப்யூட்டருக்கு எழுதியதை இங்கேயும் ஓட்டிப் பார்க்க ஒரு வழி இருந்தது. ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். அவர் தயிர்சாதத்தை ஸ்பூன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். விளையாட்டு திறந்தபோது மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

"வந்துட்டியா?" என்றது ஹெட்போனில் குரல்.

"வந்துட்டேன். எந்தத் துடுப்புட்டி எனக்கு?"

"வலது. நான் எடது."

எதுவும் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். படகு நகர்ந்தது. நேராக இல்லை, வட்டமாக. அவள் இரண்டு தடவை போட்டால் நான் ஒரு தடவை போட்டேன். துறையில் இடித்தோம். தபால் மூட்டை தண்ணீரில் விழுந்தது. ஒரு வாத்து எங்கிருந்தோ வந்து படகில் ஏறி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டது, இறங்கவே இல்லை. அவள் சிரித்த சிரிப்பில் அவள் அம்மா உள்ளேயிருந்து, "ஏண்டி, கொலுங்கிச் சிரிக்காதடி!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

"ஒகேனக்கல்ல இதவிட நல்லா போச்சு" என்றாள்.

"அங்க பரிசல்காரரு இருந்தாரு. இங்க நீல்லா இருக்க."

மூன்று இருபது இருக்கும். படகு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. என் துடுப்பு மட்டும்தான் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி என் தொண்டைவரை வந்தது. வீட்டுக்காரர் பின்னால் நின்று என் தோளில் கை வைத்தார்.

"ஏட்டி, எடது பக்கம் ஆள் இல்ல. வாத்த ஒக்கார வச்சுருக்கியா?"

பிறகு இடது துடுப்பு மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. நானும் போட்டேன். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். நான் சேர்ந்து எண்ணினேன். முதல் வீட்டுக்குத் தபால் கொடுத்தோம், இரண்டாவதுக்கும் கொடுத்தோம். மூன்றாவது வீடு தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தது. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, மணி இன்னா?"

"நாலு அஞ்சு."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நாலு தாண்டிருச்சாக்கா?"

"தாண்டிருச்சுட்டி. துடுப்பப் போடு, பாறை வருது."